விற்பவர் பூஜ்யம்

இடது பக்கம் பதினோரு லட்சத்துச் சொச்சம், வலது பக்கம் பூஜ்யம். இடது பக்கம் வாங்க நிற்கிறவர்கள், வலது பக்கம் விற்க வருகிறவர்கள், நடுவில் விலை, இருநூற்றுப் பதினாறு ரூபாய், அசையாமல். அசையாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று பங்குச்சந்தை போட்டு வைத்திருக்கிற கூரையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, அப்பர் சர்க்யூட், இதற்கு மேல் ஒரு பைசா ஏறக் கூடாது, கீழே இறங்க வேண்டுமென்றால் யாராவது விற்க வேண்டும், விற்கத்தான் ஒருத்தனும் வர மாட்டேன் என்கிறான். பதினோரு லட்சம் பங்கு வேண்டும் என்று கை நீட்டி நிற்கிற இந்தக் கும்பலில் ஒருத்தனுக்காவது மருதகிரி பம்ப்ஸ் என்கிற கம்பெனி என்ன செய்கிறது என்று தெரியுமா, பம்ப் செய்கிறது என்பான், பேரிலேயே இருக்கிறதே என்பான், அது பம்ப் செய்வதை விட்டு நாலு வருஷம் ஆகிறது, ஷெட்டை வாடகைக்கு விட்டுத்தான் பிழைக்கிறது, அதன் ஆண்டறிக்கையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான், இந்தச் சென்னையில் வேறு எவனும் படித்திருக்க மாட்டான். குப்பை. குப்பை என்று தெரிந்துதான் காலையில் விற்றேன். குப்பை மேலே போகாது என்று எனக்கு யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, மற்ற எல்லாப் பாடத்தையும் போல இதையும் எனக்கு நானேதான் சொல்லிக்கொடுத்தேன், தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை அடிப்பதென்றாலும் நானேதான் அடித்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். ஜன்னலில் கிளிப் போட்டு மாட்டிய போர்வைக்கு வெளியே பூண்டு வண்டி போகிறது, பதிவு செய்த குரல், மலைப்பூண்டு மலைப்பூண்டு என்று, தெருவில் விற்கிறவன் தொல்லை தாங்காமல்தான் தினமும் எனக்குப் பகல் தூக்கம் கெடுகிறது, இன்றைக்கு எனக்கு வேண்டிய விற்கிறவன் மட்டும் எந்தத் தெருவிலும் இல்லை.

ராத்திரி முழுக்க ஏ.டி.எம்.களைப் பார்ப்பது என் வேலை. அம்பத்தூரில் ஒரு மாடி, வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு திரையிலும் எங்கேயோ ஒரு ஊரின் ஏ.டி.எம். அறை, மேலே மூலையில் காமிரா, அதன் வழியாக நான். பத்தொன்பது வருஷமாக மனிதர்களை உச்சந்தலையாகத்தான் எனக்குத் தெரியும். முகம் தெரியாது, வழுக்கை தெரியும், வகிடு தெரியும், பூ வாடியிருப்பது தெரியும், சுழி ஒன்றா இரண்டா என்று தெரியும். ஹெல்மெட்டோடு உள்ளே வருகிறவனிடம் மைக்கில் சொல்வேன், சார் ஹெல்மெட்டைக் கழட்டுங்க, அவன் திடுக்கிட்டு மேலே பார்ப்பான், ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விசிறியைப் பார்த்துப் பயப்படுவான். சார் ஒருத்தர் மட்டும் உள்ள இருங்க. அவ்வளவுதான் நான் பேசுகிற பேச்சு. மேலேயிருந்து பார்த்தால் எல்லாரும் ஒன்றுதான், எடுத்த பணத்தை மறுபடி எண்ணுவான், கதவு வரை போய்த் திரும்பி வந்து கேன்சல் பட்டனை இன்னொரு தடவை அமுக்குவான், மிஷின் தன்னை மட்டும் தனியாக ஏமாற்றப் பார்க்கிறது என்று நினைப்பு. இவர்களை இப்படியே பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும், கும்பல் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் நின்றால் போதும் என்று. அது ஒரு எண்ணமா, திமிர். திமிருக்கு ஒரு பேர் வைத்தேன், ஷார்ட் செல்லிங் என்று.

வாத்தியார் இல்லாமல் கற்றதுதான் எல்லாம். ராத்திரி திரைகளுக்கு நடுவில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்து. வீடியோவில் ஒருத்தன் கோட்டு போட்டுக்கொண்டு வருவான், கோயம்புத்தூர் வெயிலில் கோட்டு, நண்பர்களே இது சப்போர்ட் இது ரெசிஸ்டன்ஸ் என்று கோடு போடுவான், விலை இங்கே வந்தால் தாங்கும் அங்கே போனால் தடுக்கும் என்பான், தாங்காமல் விழுந்தால் உடைந்தது என்பான், எது நடந்தாலும் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறான், கிளி ஜோசியக்காரனாவது கிளிக்கு நெல் போடுகிறான். விலை ஏறினால் படத்தில் பச்சை மெழுகுவர்த்தி, இறங்கினால் சிவப்பு. ஸ்டாப்லாஸ் இல்லாமல் சந்தைக்குள் கால் வைக்காதீர்கள் நண்பர்களே. அது ஒன்று மட்டும் அவன் சரியாகச் சொன்னான். எனக்குப் பிடித்தது வேறு. இன்ட்ராடே என்றால் காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் கணக்கை முடித்துவிட வேண்டும், ராத்திரிக்குக் கையில் எதையும் வைத்திருக்கக் கூடாது. ராத்திரியே இல்லாத ஒரு தொழில். அதைக் கேட்டபோது மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கியது, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பி.எஃப். பணத்தில் எடுக்க முடிந்ததை எடுத்தேன், வீடு ரிப்பேர் என்று சொல்லி. பத்தொன்பது வருஷத்து ராத்திரியை விற்றுக் கொஞ்சம் பகல் வாங்கலாம் என்று பார்த்தேன். மாசக் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று சூப்பர்வைசர் தணிகாசலத்திடம் சொல்லியும் விட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நல்லா யோசிச்சுக்கப்பா, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு, அதுக்கப்புறம் வேற ஆள் போட்டுடுவேன், அந்தச் சீட்டுக்கு நாலு பேர் நிக்கிறான் என்றார். ராத்திரி உட்கார்ந்து மற்றவன் மண்டையைப் பார்க்கவும் வரிசை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

இல்லாததை விற்பது என்றால் என்ன என்று அரசிக்கு ஒரு தடவை விளக்கிச் சொன்னேன். மங்கையர்க்கரசி, என் மனைவி, மழலையர் பள்ளியில் ஆயா வேலை, பகலெல்லாம் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கிறவளுக்கு எதையும் சுலபமாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு. இப்பப் பாரு, விலை விழும்னு எனக்குத் தெரியுது, முதல்லயே வித்துடுவேன், விழுந்த பிறகு கம்மி விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் பண்ணிடுவேன், நடுவுல இருக்கறது நம்ம காசு. நம்மகிட்ட இல்லாததை எப்படிங்க விப்பீங்க. புரோக்கர் கடனாக் குடுப்பான், சாயங்காலத்துக்குள்ள வாங்கிக் குடுத்துடணும். சாயங்காலம் கிடைக்கலைன்னா. நான் சிரித்தேன். கடையில அரிசி கிடைக்காமப் போகும், ஷேர் கிடைக்காமப் போகுமாடி, விக்கிறதுக்கு எப்பவும் எவனாவது இருப்பான். அவளும் சிரித்தாள், நான் சிரித்ததால் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது இந்த அறைக்குள் மின்விசிறியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது.

காலையில் அது நூற்றுத் தொண்ணூற்றேழில் இருந்தது, ஏற்கெனவே நேற்றைவிட நன்றாக ஏறித்தான் இருந்தது, டெலிகிராம் கூட்டங்களில் ராக்கெட் படம் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டாயிரம் பங்கு விற்றேன். ஷிப்ட் முடிந்து வந்த கண்கள், பல்கூடத் தேய்க்கவில்லை. இருநூறில் ஸ்டாப்லாஸ் போட்டேன், விலை அதைத் தொட்டால் தானாக வாங்கிக் கணக்கை முடித்துவிடும், நஷ்டம் அதோடு நிற்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கப் போகலாம். இருநூறை நெருங்கியது. இந்தக் கழுதைகளுக்குப் பயந்து நான் வெளியே போவதா என்று இருநூற்று மூன்றுக்கு நகர்த்தினேன். பிறகு இருநூற்றேழு. பிறகு எடுத்தே விட்டேன், தொண்டையில் மாட்டின மீன்முள்ளைப் பிடுங்குகிற மாதிரி, அப்பாடா என்று இருந்தது. அது பேராசை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், பேராசைக்காரன் சிரித்த முகமாக இருப்பான், நான் செய்தது அருவருப்பில் செய்தது, எதிரில் வருகிறவன் முட்டாள் என்று தெரிந்த பிறகு எப்படி ஒதுங்கி வழிவிடுவது. இருநூற்றுப் பதிமூன்றில், சரி, இனி விழும், மூச்சு வாங்குகிறது, முகம் கழுவிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். சோப்புக்கூடப் போடவில்லை. வந்து பார்த்தால் வலது பக்கம் காலி. மாநாட்டுப் பந்தலில் சோறு தீர்ந்த மாதிரி, விற்கிறவர்கள் ஒருத்தன் பாக்கியில்லாமல் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம்தான் நானும் போய் நின்றேன், எனக்கும் ரெண்டாயிரம் வேண்டும் என்று, என்ன விலையானாலும் சரி என்று, காலையிலிருந்து கழுதை கழுதை என்று சொன்ன அதே வரிசையின் வாலில்.

கதவுச் சத்தம். அரசி வந்துவிட்டாள். செருப்பை விடுகிற ஓசை, பையை நாற்காலியில் வைக்கிற ஓசை, அவள்மேல் எப்போதும் வருகிற குழந்தைப் பவுடர் வாசனை, ஃபினாயில் வாசனை. தூங்கலையாங்க. இல்லை. கண்ணு ரெண்டும் மிளகாப் பழமா இருக்கு, சாப்பிட்டீங்களா. அப்புறம். அந்த அப்புறம் என்ற சொல்லைக் கேட்டே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருக்கும், எதுவும் கேட்காமல் சமையலறைக்குப் போகிறாள், பாத்திரத்தை மூடித் திறந்து மூடுகிறாள். நஷ்டம் இப்போதைக்கு எவ்வளவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை, இது நஷ்டம்கூட இல்லை, நஷ்டமாவதற்கே யாராவது விற்றாக வேண்டும். மூன்றரைக்குள் கிடைக்காவிட்டால் சனி ஞாயிறு கழித்துத் திங்கள்கிழமை ஏலம், நான் விற்ற, என்னிடம் இல்லாத ரெண்டாயிரம் பங்கை ஏலத்தில் எவனிடமாவது வாங்கி, என்னிடம் வாங்கினவனுக்குச் சந்தையே கொடுத்துவிடும், ஏலத்தில் எவன் என்ன விலை சொன்னாலும் என் கணக்கிலிருந்து போகும், இதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடவும் போகலாம், தண்டம் வேறு. மிஞ்சுவது பஸ் பாஸுக்கு ஆகும். அப்புறம் அந்த மாடி, அந்தத் திரைகள், அறுபது வயது வரை உச்சந்தலைகள். சார் ஹெல்மெட்டைக் கழட்டுங்க.

குணசீலனிடம் இருக்கிறது. அந்த நினைப்பு ஒரு மணியிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அரசியின் தம்பி, பைக் இன்சூரன்ஸ் பிடிக்கிறவன், எந்நேரமும் பெர்மூடாஸ், பத்தாவதில் கணக்குப் பாடத்தில் ரெண்டு தடவை போனவன். மருதகிரி வாங்கலாம் மாமா, எங்க குரூப்ல சொல்லியிருக்காங்க என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னான், அந்த ஆண்டறிக்கையை அவன் முன்னால் விரித்து ஒவ்வொரு வரியாகச் சொல்லி அவமானப்படுத்தி அனுப்பினேன், அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டான், அப்பிடியா மாமா, அப்பிடியா மாமா என்று, போய் மூவாயிரம் வாங்கினான். போன் போட்டேன். என்ன மாமா அதிசயமா, தூங்கலையா. இல்லப்பா சும்மாதான். மருதகிரி பாத்தீங்களா மாமா, பூட்டிக்கிச்சு! பார்த்தேன். நீங்கதான் அதைக் குப்பைத்தொட்டின்னு சொன்னீங்க, தொட்டிக்குள்ள தங்கம் கெடந்துச்சு பாத்தீங்களா, சிரிக்கிறான், பின்னால் டீக்கடைச் சத்தம், சிரிப்பில் விஷம் இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்சம் வித்து லாபத்தை எடுத்துக்கலாமேப்பா, நல்ல விலை, என்றேன், என் குரல் எனக்கே வீடியோக்காரன் குரல் மாதிரி இருந்தது, கோட்டு போட்ட குரல். எவன் மாமா இன்னைக்கு விப்பான், மென்டல்தான் விப்பான், திங்கக்கிழமையும் இப்படியே பூட்டும் பாருங்க. சரிப்பா. மாமா, எதனா சொல்ல வந்தீங்களா. இல்லப்பா. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க. அந்த மென்டல் நான்தான்டா, காலையிலேயே விற்றவன், என்று சொல்ல ஒரு மூச்சு போதும். போனை வைத்துவிட்டேன். பூண்டு வண்டி திரும்பி வருகிறது.

சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைக்கிறது. இருக்கிற விலை ஒன்றே ஒன்று, எல்லாரும் அதே விலைக்குத்தான் நிற்கிறோம், அதனால் முதலில் வந்தவனுக்குத்தான் முதலில் கிடைக்கும், குணசீலன் மூவாயிரத்தையும் எனக்காகக் கொட்டினாலும் வரிசையின் முன்னால் நிற்கிற எவனோ ராஜ்கோட்டுக்காரன் மடியில் போய் விழும், என் வரை வராது. மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு என் கையில் கொடுக்க இங்கே வழியே இல்லை. ஆள் தெரியாது, முகம் தெரியாது, வந்த நேரம் மட்டும்தான் தெரியும். நான் முகம் கழுவப் போகாமல் இருந்திருந்தால். போகட்டும். போனில் செய்தி வருகிறது, புரோக்கர் கம்பெனியிலிருந்து, தங்கள் கணக்கை நாங்களே முடிக்க முயன்றோம், விற்பவர் இல்லாததால் இயலவில்லை, நன்றி. நன்றி எதற்கு. நாயே, நன்றி எதற்கு.

என்னங்க. அரசி பின்னால் நிற்கிறாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, கையில் தட்டு, தயிர் சாதம். கிடைக்கலையா. எதுவும் விளக்கவில்லை, ஆனாலும் கிடைக்கலையா என்றுதான் கேட்கிறாள், சிரித்த அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை அங்கேயே விட்டு வைத்திருந்த மாதிரி. இல்லை என்று தலையை ஆட்டினேன். எத்தனை வேணும். ரெண்டாயிரம். எது, அந்த பம்ப் கம்பெனியா. ஆமாம். என்கிட்ட நாப்பது இருக்கு என்றாள். திரும்பிப் பார்த்தேன். குணாதான் வாங்கிக் குடுத்தான், என் போன்லயே, பள்ளிக்கூடத்துல போனஸ் குடுத்தாங்கல்ல, அதுல, உங்ககிட்டச் சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை. தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறாள். அரசி, வேணாம், அது எனக்கு வராது, முன்னால நிக்கிறவனுக்குப் போயிடும். எல்லாமேவா. எல்லாமே. திங்கக்கிழமையும் ஏறும்கிறான் உன் தம்பி, சும்மா வெச்சிரு. அவள் போனையே பார்த்தபடி கேட்கிறாள், யாராவது ஒருத்தர் வித்தாத்தானேங்க அடுத்தவங்களுக்கும் விக்கணும்னு தோணும், அழுகிற பிள்ளைங்ககூட அப்படித்தான், ஒண்ணு நிறுத்தினா எல்லாம் நிறுத்தும். சந்தைக்கே ஆயா வேலை பார்க்கக் கிளம்பிவிட்டாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. ஓ.டி.பி. வந்துருக்குங்க, என்று எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துகிறாள், நான் தடுக்கவில்லை, தடுக்கவில்லை என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போயிடுச்சு. அழுத்தின நொடியே போய்விட்டது. என் திரையில் கடைசியாகக் கைமாறியது நாற்பது என்று ஒரு வரி மின்னியது, இடது பக்கத்து லட்சங்களில் நாற்பது குறைந்தது, அதை நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், அடுத்த நொடி இன்னும் எவனோ ஆயிரம் கேட்டு வந்து நின்றான். ரெண்டு பேரும் மூச்சு விடாமல் வலது பக்கத்தையே பார்த்தோம். அந்தக் கோட்டுக்காரனை, அந்தக் கிளியை, இவள் சொன்ன அழுகிற பிள்ளைகளை, எல்லாவற்றையும் நம்பி, நான், அகராதி வைத்துப் படித்தவன், ஒரு எண் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம். பூஜ்யம். பிறகு விலை சாம்பல் நிறமாகிவிட்டது, சந்தை மூடப்பட்டது.

உடனே போன் அடிக்கிறது, அரசியின் தம்பியாக இருக்குமோ என்று பார்த்தேன், தணிகாசலம். என்னப்பா, சாயங்காலம் ஆகப் போகுது, பையன் ஒருத்தன் எதிர்ல உட்கார்ந்திருக்கான், இருக்கியா போறியா. இருக்கேன் சார். என்னமோ பகல்ல பெரிய தொழில் பண்ணப் போறேன்னு சொன்னே. இல்ல சார், இருக்கேன். சரி, இன்னிக்கு ரவி லீவு, அவன் திரையையும் சேர்த்துப் பாத்துக்க. சரி சார். எத்தனை சார் வருகிறது வாயில், ஒரு நாளும் இத்தனை வந்ததில்லை. அரசி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், என்னுடையதையும் அவளே எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். போர்வையில் ஒரு கிளிப் கழன்று வெயில் கோடாக உள்ளே விழுந்திருந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மாட்டுகிறாள், ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுங்க, ஏழு மணிக்கு எழுப்புறேன் என்கிறாள் மேலேயிருந்து. நான் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தேன், தட்டு மடியில். கிளிப் மாட்டுகிற சத்தம் நின்றது. இறங்குவாள் என்று பார்த்தேன், இறங்கவில்லை. என்னங்க, உச்சியில உங்களுக்கு இவ்ளோ கொட்டிப் போச்சா, நான் பார்க்கவேயில்லையே என்றாள். கை தானாக மேலே போகப் பார்த்தது. விரலெல்லாம் தயிர். நிமிரவில்லை நான். பார்க்கட்டும்.